பக்கவாதத்திற்குப் பின்: மறுபயிற்சியின் வரலாறு

இந்நாட்டில் மூவின மக்களும் ஒரு நோய்க்கு ஒரே பொருள்படும் பெயரை இட்டிருக்கின்றனர் என்பது ஈண்டு முதற்கண் நோக்கத்தக்கது. நாம் பக்கவாதம் என்கிறோம். வாதம் என்பது காற்று. சித்த மருத்துவர் வாத நோய்களை 80 என வகுத்து, அவற்றுள் ஒன்றாக இதனை வைத்தனர். மலாய்க்காரர் 'அங்கின் அஹ்மார்' என்பர். செங்காற்று என்பது அதன் பொருள். சீனர் 'சோங் ஃபெங்' என்பர். காற்றால் அடிபடுதல் என்பது அதன் பொருள். மூன்று மொழிகளும் தம்முள் கலந்து பேசி முடிவு செய்த பெயரன்று இது. நேற்று வரை மரமேறி நின்ற ஒருவன் இன்று காலையில் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கக் கண்டவர்கள், கண்ணுக்குத் தெரியாத காற்று ஒன்று வந்து அடித்துவிட்டது என்று எண்ணியதில் வியப்பில்லை. ஆங்கிலேயரோ 'ஸ்ட்ரோக்' என்றனர். அடி என்பது அதற்குப் பொருள்; இறைவன் கைபட்ட அடி என்பது அவர்தம் பழைய எண்ணம்.

பெயருக்குள் ஒரு கொள்கை அடங்கியிருக்கிறது. காற்று என்றால் எண்ணெய் தேய்த்து விரட்ட வேண்டும். இறைவன் அடி என்றால் பொறுத்துக்கொள்ள வேண்டும். விழுந்த கைக்கும் மறந்த நாவுக்கும் மீண்டும் பாடம் சொல்லிக் கொடுக்கலாம் என்பதை இப்பெயர்களுள் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வெண்ணம் உலகில் மிகவும் பிந்தியே தோன்றியது. அது தோன்றிய வரலாறு மருத்துவர் வரலாறு மட்டுமன்று. பெரும்பகுதி ஆசிரியர் வரலாறே. ஆதலின் இவ்விதழ் படிக்கும் தமிழாசிரியர் முன்னிலையில் அதனை வைக்கத் துணிந்தேன்.

கிரேக்க மருத்துவர் இந்நோயை நன்கு கண்டிருந்தனர். தலையின் ஒரு பக்கத்தில் காயம்பட்டால் உடலின் மறுபக்கம் கெடும் என்பதையும் இப்போகிரட்டீசின் மரபினர் எழுதி வைத்தனர். காரணம் மட்டும் தெரியவில்லை. 1658-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டுச் சாப்ஹவுசன் நகர மருத்துவர் யோகான் யாகோப் வெப்பர் என்பார், இந்நோயால் இறந்தோர் தலைகளை அறுத்துப் பார்த்து, மூளைக்குள் குருதி கசிந்திருப்பதைக் கண்டு நூல் வெளியிட்டார். மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் குழாய்கள் அடைபடுவதும் காரணமாகலாம் என்று அவர் உணர்ந்தார். இன்றும் பக்கவாதம் இருவகையே: குழாய் அடைபடுவது ஒன்று, குழாய் வெடிப்பது மற்றொன்று. அடைபடுவதே பெரும்பான்மை. காற்றுக்கு இங்கே வேலையில்லை என்பது அன்றே தெளிவாயிற்று. ஆயினும் அடுத்த 200 ஆண்டுகளுக்கு நோயாளிக்குக் கிடைத்தவை குருதி வடித்தலும், தோலில் கொப்புளம் எழுப்புதலும், படுக்கையுமே.

அக்காலத்து நோயாளி ஒருவரை நம் போன்றோர் மறக்கவியலாது. ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன் ஒரு காலத்தில் பள்ளி நடத்தியவர். மாணவர் சிலரே சேர்ந்தமையால் பள்ளியை மூடியவர். (தோட்டப் பள்ளித் தலைமையாசிரியனாகிய எனக்கு அச்செய்தியில் ஓர் உறவு உண்டு.) 1783 ஜூன் 17 விடியற்காலையில், தம் 73-ஆம் வயதில், விழித்தெழுந்தவர் தலையில் ஏதோ குழப்பம் நேர்வதை உணர்ந்தார். தம் அறிவு மட்டும் கெடாதிருக்க வேண்டும் என்று இறைவனை வேண்டினார். அவ்வேண்டுதலை இலத்தீன் செய்யுளாகவே அமைத்தார், அறிவு கெட்டதா இல்லையா என்று சோதித்துப் பார்ப்பதற்காக. செய்யுள் சிறப்பாக அமையவில்லை. அது சிறப்பாக இல்லை என்பது தமக்குத் தெரிகிறதே, ஆகையால் அறிவு கெடவில்லை என்று துணிந்தார்! பிறகுதான் பேச்சுப் போயிருப்பதைக் கண்டார். விடிந்ததும் பணியாளிடம் ஒரு சீட்டை எழுதிக் கொடுத்தார். பேசாமல் சீட்டை ஏன் நீட்டுகிறார் என்று அவனுக்கு விளங்கவில்லை. எழுதும்போது கை தவறான எழுத்துகளை இட்டது என்றும் அவரே குறித்துள்ளார். மருத்துவர்கள் வந்து முதுகிலும் தொண்டையிலும் கொப்புளம் எழுப்பினர். பேச்சு சில நாள்களில் மெல்லத் திரும்பியது. திரும்பச் செய்தது கொப்புளம் அன்று. மூளை தானே தேறியது. அந்தச் சில நாள்களிலும் ஜான்சன் வாயைச் சும்மா வைத்திருக்கவில்லை. தமக்கு மனப்பாடமான வழிபாட்டு உரைகளைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.

பேச்சிழந்தவர் மனப்பாடம் செய்தவற்றை மட்டும் சொல்லக்கூடும் என்பதை வேறு சிலரும் கண்டனர். 1745-இல் சுவீடன் நாட்டு ஓலோப் டாலின், ஒரு சொல்லும் பேச இயலாத ஒருவர் கோயிற் பாடல்களை மட்டும் பாடக் கேட்டதை எழுதினார். வியப்பாகவே அச்செய்தி கிடந்தது. அதனைப் பயிற்சி முறையாக்க 1973 வரை ஆயிற்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இசையின் வழி பேச்சை மீட்கும் முறை அப்போதுதான் வகுக்கப்பட்டது.

1861-இல் பாரிசின் புறத்தேயுள்ள பிசேத்ர் மருத்துவமனையில் ஒரு நோயாளி இறந்தார். 21 ஆண்டுகள் அங்கேயே கிடந்தவர். எதனைக் கேட்டாலும் 'தான்' என்ற ஓரொலியைத் தவிர வேறு சொல் அவர் வாயில் வராது. அதனால் அவருக்குத் 'தான்' என்பதே பெயராயிற்று. அறுவை மருத்துவர் பால் புரோக்கா அவர் மூளையைச் சோதித்து, இடப்பக்க முன்மூளையில் ஓரிடம் அழிந்திருப்பதைக் காட்டினார். வலக்கை விழுந்தவர்க்குப் பேச்சும் விழுவது ஏன் என்பது அதனால் விளங்கலாயிற்று. பேச்சுக்கு மூளையில் இடம் உண்டு என்ற அக்கண்டுபிடிப்பை எல்லா நூல்களும் போற்றும். நான்காண்டுகள் கழித்து, பேச்சிழந்த வயதுவந்த ஒருவருக்குக் குழந்தைக்குக் கற்பிப்பதுபோல் மீளக் கற்பிக்க அவரே முயன்றார் என்பதைப் பல நூல்கள் சொல்லாமல் விடும். இடம் அழிந்தது என்று காட்டியவரே, அழிந்ததை வேறு வழியில் எழுப்பலாமா என்றும் எண்ணினார்.

பன்மொழி நாட்டில் வாழும் நமக்கு உரிய செய்தி ஒன்றையும் பிரெஞ்சுக்காரரே ஆராய்ந்தனர். இரண்டு மூன்று மொழி அறிந்தவர் பேச்சிழந்தால் எம்மொழி முதலில் திரும்பும்? இளமையில் கற்ற தாய்மொழியே என்பது 1881-இல் ரிபோ கூறியதன் கருத்து. அன்று, நோய் வந்த காலத்தில் எம்மொழி மிகுதியாக வழங்கியதோ அதுவே திரும்பும் என்று 1895-இல் பீத்ர் மறுத்தார். இன்றுவரை இருவர் பக்கமும் சான்றுகள் உண்டு. நோயாளிக்கு எம்மொழியில் பயிற்சி தருவது என்ற கேள்வி கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் நாள்தோறும் எழுகின்ற கேள்வியே. தமிழ் மட்டும் பேசி வாழ்ந்த பாட்டிக்கு ஆங்கிலப் படங்களைக் காட்டி, பெயர் சொல்லவில்லை என்று குறித்துக்கொண்டால் அக்குறிப்பு யாரைப்பற்றியது?

அது நிற்க. கைகால்களின் கதை வேறு. மூளையில் அழிந்த பகுதி அழிந்ததே, ஓரிரு திங்களில் திரும்பாத கை பிறகு திரும்பாது என்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவு. இதனை அசைத்தவர் மருத்துவர் அல்லர். ஷெப்பர்ட் ஐவரி பிரான்ஸ் என்ற அமெரிக்க உளநூலார். கற்றல் எவ்வாறு நிகழ்கிறது என்பதை ஆராய்ந்தவர் அவர். வாஷிங்டன் நகர மனநோய் மருத்துவமனையில் ஆண்டுக்கணக்கில் கை விழுந்து கிடந்தோரைப் பயிற்றி, நெடுநாள் பக்கவாதத்திலும் அசைவு மீளக்கூடும் என்று 1915-இல் எழுதினார். 1917-இல் குரங்குகளிடம் சோதனை செய்தார். மூளையின் ஒரு பகுதியை அழித்தபின் குரங்கைச் சும்மா விட்டால், அது நல்ல கையையே பயன்படுத்திக்கொண்டு, கெட்ட கையைத் தொங்கவிட்டுவிடும். நல்ல கையைக் கட்டிவிட்டுக் கெட்ட கையால் உணவெடுக்கப் பழக்கினால் அது தேறும். எளிய உண்மைதான். ஆயினும் இது மறக்கப்பட்டுக் கிடந்தது. பல பத்தாண்டுகள் கழித்து எட்வர்டு டாப் என்ற மற்றோர் உளநூலார் இதனை எடுத்து வளர்த்தார். 2006-இல் 222 நோயாளிகளைக் கொண்டு நடந்த அமெரிக்கச் சோதனையில், நல்ல கைக்கு இருவாரம் உறையிட்டுக் கெட்ட கையைப் பழக்கியவர் பிறரினும் மிகுதியாகத் தேறினர். மணிக்கட்டும் விரலும் சிறிதேனும் அசையக் கூடியவர்க்கே அம்முறை பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இடையில் இரு பெரும் போர்கள் வந்தன. போர் செய்த நன்மை என்று ஒன்றைச் சொல்ல நாக் கூசுகிறது. ஆனால் வரலாறு அப்படித்தான் நடந்தது. பக்கவாதம் பெரும்பாலும் முதியோர்க்கு வருவது. முதியவர் கிடந்தால் கிடக்கட்டும் என்று விட்டுவிடலாம். தலையில் குண்டடிபட்ட இருபது வயது வீரனை அவ்வாறு விட முடியாது. முதற்போரின்போது ஜெர்மனியில் பிராங்பர்ட்டில் கோல்ட்ஸ்டைனும், பெர்லினில் குட்ஸ்மனும், வியன்னாவில் புரோஷல்சும் மூளை காயமுற்ற வீரர்க்கெனப் பயிற்சி நிலையங்கள் நடத்தினர். இரண்டாம் போரில் சோவியத்து நாட்டு அலெக்சாந்தர் லூரியா, யூரல் மலைப்பகுதியில் அத்தகைய மருத்துவமனை ஒன்றை அமைத்தார்.

லூரியாவிடம் வந்த ஓர் இளைஞனின் கதையை ஆசிரியர் ஒவ்வொருவரும் அறிதல் நன்று. 1943 மார்ச்சில் குண்டுச் சிதறல் அவன் மூளையில் பாய்ந்தது. எழுத்தறிவு முற்றும் போயிற்று. எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படிக்க மறுபடி கற்றான், பெருந்துன்பம். எழுதவோ இயலவே இல்லை. ஒவ்வோர் எழுத்தின் வடிவையும் நினைவுக்குக் கொண்டுவர முயன்று முயன்று தோற்றான். ஒரு நாள் லூரியா வந்து, எழுத்தை நினைக்காதே, கையை எடுக்காமல் சொல்லை ஒரே ஓட்டமாக எழுது என்றார். எழுதினான்! எழுதியதை அவனால் படிக்க முடியவில்லை. கைக்குத் தெரிந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. அழிந்த வழியிலேயே முட்டிக்கொண்டிராமல், அழியாத வேறு வழியைக் கண்டு அதன் மேல் பாடத்தைக் கட்டுவதே லூரியாவின் முறை. அவ்விளைஞன் அதன்பின் 25 ஆண்டுகள் நாள்தோறும் சில வரிகளாக எழுதி, 3,000 பக்கத்திற்குத் தன் வாழ்வைத் தானே எழுதி வைத்தான்.

அமெரிக்காவில் ஹோவர்டு ரஸ்க் என்ற மருத்துவர், விமானப்படை மருத்துவமனையில் வீரர் படுக்கையில் சோம்பிக் கிடப்பதைக் கண்டார். கூரையிலிருந்து விமான மாதிரிகளைத் தொங்கவிட்டு, படுத்தபடியே பகை விமானங்களை இனங்காணக் கற்கச் செய்தார். போர் முடிந்தபின் 1948-இல் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவ நிலையம் கண்டார். அவரிடம் பயின்றவருள் ஒருவர் மேரி வர்கீஸ். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவரான இவர், 1954-இல் நேர்ந்த வண்டி விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை செய்தவர். நியூயார்க்கில் பயின்று திரும்பி, 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையத்தைத் தொடங்கினார். தமிழ் மண்ணில் இத்துறைக்கு வேரூன்றியது அவ்வாறே. நோயாளியே மருத்துவராய் வந்து நின்றால் நோயாளிக்குச் சாக்குச் சொல்ல இடமேது?

இலண்டனில் பெர்த்தா போபாத் என்ற அம்மையார், இட்லர் ஆட்சிக்கு அஞ்சி பெர்லினிலிருந்து வந்தவர், உடற்பயிற்சி ஆசிரியையாகத் தொழில் தொடங்கியவர். 1943-இல் பக்கவாதமுற்ற ஓவியர் ஒருவர்க்குப் பயிற்சி தரும்போது, நல்ல பக்கத்தை மட்டும் வலுப்படுத்தி ஊன்றுகோல் கொடுப்பதைவிட்டு, விழுந்த பக்கத்தையே பழக்கலாம் என்று கண்டார். அம்முறை உலகெங்கும் பரவியது. அதன் கோட்பாடுகள் பலவற்றை இக்கால ஆராய்ச்சி ஒப்பவில்லை. விழுந்த பக்கத்தைக் கைவிடாதே என்ற கருத்து மட்டும் நின்றது.

இனி நான் மிகவும் விரும்பும் கதைக்கு வருகிறேன். 1965 பிப்ரவரியில் அமெரிக்க நடிகை பட்ரீசியா நீல், 39 வயதில், கருவுற்றிருந்த நிலையில், மூளைக் குருதிக்கசிவால் வீழ்ந்தார். மூன்று வாரம் நினைவில்லை. எழுந்தபோது வலப்பக்கம் அசையவில்லை, பேச்சில்லை. கணவர் ரோல்ட் டால், சிறுவர் கதைகள் எழுதியவர், அவரை இங்கிலாந்தில் கிரேட் மிசெண்டன் என்ற சிற்றூருக்குக் கொண்டுவந்தார். மருத்துவமனையில் கிடைக்கும் பயிற்சி நாளொன்றுக்குச் சிறு பொழுதே. அது போதாது என்று டால் கருதினார். அண்டை வீட்டாரை அழைத்து முறைவைத்தார். ஒருவர் போக ஒருவர் வந்து, நாள்தோறும் பல மணிநேரம் எழுத்தும் எண்ணும் சொல்லும் பயிற்றினர். வலரி ஈட்டன் கிரிப்பித் என்ற அண்டை வீட்டு அம்மையார் அவருள் தலைசிறந்தவர். மருத்துவமும் படித்தவரல்லர், ஆசிரியப் பயிற்சியும் பெற்றவரல்லர். பொதுப் பாடங்களை விட்டுவிட்டு, நடிகைக்கு எதில் நாட்டமோ அதையே பாடமாக்கினார். அவ்வாண்டு ஆகஸ்டில் நீல் நலமாகப் பெண்மகவு பெற்றார். 1968-இல் மீண்டும் படத்தில் நடித்து, அப்படத்திற்காக ஆஸ்கர் பரிசுக்கும் பெயர் முன்மொழியப்பட்டார். கிரிப்பித் 1970-இல் தம் பட்டறிவை நூலாக்கினார். அதிலிருந்தே இங்கிலாந்தில் தொண்டர்கள் பேச்சுப் பயிற்சி தரும் திட்டம் வளர்ந்தது. டால் மனைவியிடம் கொடுமையாக நடந்தார் என்று குறை சொன்னவரும் உண்டு. இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

இக்கதை எனக்குப் பிந்தியே கிடைத்தது. 1991-இல் கிடைத்திருந்தால்!

அவ்வாண்டில் யான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் பால் வெட்டிய என் தந்தையார் ஒரு நாள் பிரட்டுக்குப் புறப்படும்போது அஞ்சடியில் சரிந்து விழுந்தார். வலப்பக்கமும் பேச்சும் போயின. மருத்துவமனையில் சில நாள் வைத்திருந்து, வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றனர். என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கு எவரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்றும் எங்களுக்குத் தெரியவில்லை. தோட்டமே திரண்டு வந்தது. உழைத்து ஓய்ந்த மனிதர், இனி அவர் ஏன் கையசைக்க வேண்டும் என்று அம்மா சோறூட்டினார். படுத்திருந்த நிலையிலேயே தண்ணீர் புகட்டினோம். இருமினார், நெஞ்சில் சளி கட்டியது. விழுங்கும் தசையும் விழுந்திருக்கும், நீர் நுரையீரலில் இறங்கும் என்று யாருக்குத் தெரியும்? அவரைத் தூக்கி உட்கார வைக்க நானும் அண்ணனும் அந்த விழுந்த கையையே பிடித்து இழுத்தோம். தசைப்பிடிப்பு இல்லாத தோள் அவ்வாறு இழுத்தால் மூட்டிலிருந்து இறங்கிவிடும். 2000-இல் அவர் மறையும்வரை அத்தோள் வலித்துக்கொண்டே இருந்தது.

கல்லூரி விடுமுறையில் வந்தபோது யான் சிலேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புதிதாகக் கற்ற கற்பித்தல் முறையெல்லாம் தலையில் நிறைந்திருந்தது. அகரத்திலிருந்து தொடங்கினேன். தந்தையார் சிலேட்டை இடக்கையால் தள்ளிவிட்டார். மகனிடம் அரிச்சுவடி படிக்கும் வெட்கம் அது, மூளை கெட்டதன்று. ஒன்று, இரண்டு என்று தொடங்கிக் கொடுத்தால் பத்து வரை தாமே சொல்லுவார். மூன்று விரலைக் காட்டி இது எத்தனை என்றால் வாய் வராது. வரிசையாக மனத்தில் பதிந்தது வேறு, தேடி எடுக்கும் சொல் வேறு என்பதை எந்தப் பாடநூலும் எனக்கு அவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. சில திங்கள் கழித்து, அஞ்சடியில் கவிழ்த்திருந்த பால் கிண்ணத்தைக் கண்டு 'மங்கு' என்றார். யான் சொல்லிக் கொடுத்த சொல் அன்று. மலாயிலிருந்து நம் தோட்டத் தமிழில் புகுந்த சொல். ரிபோவும் பீத்ரும் அச்சொல்லை எம்மொழிக் கணக்கில் வைப்பார்களோ அறியேன். அதைப் பிடித்துக்கொண்டு கத்தி, வாளி, ஒட்டுப்பால் என்று போயிருக்க வேண்டும். யானோ விடுமுறை முடிந்து கல்லூரிக்குத் திரும்பிவிட்டேன்.

அதே 1991-இல் நார்வே நாட்டுத் திரோந்தைம் நகரில் ஒரு சோதனையின் முடிவு வெளியாயிற்று. பக்கவாத நோயாளர் 220 பேரைக் குலுக்கல் முறையில் இரு பாதியாகப் பிரித்தனர். 110 பேர் பொதுக் கூடங்களுக்கும், 110 பேர் பக்கவாதத்திற்கென்றே அமைந்த தனிக்கூடத்திற்கும் சென்றனர். தனிக்கூடத்தில் புதுமருந்து ஏதும் இல்லை. மருத்துவர், செவிலியர், உடலியக்கப் பயிற்சியாளர் முதலியோர் ஒரே குழுவாக இருந்து, தொடக்கத்திலேயே நோயாளியை எழுப்பிப் பயிற்றினர், அவ்வளவே. ஆறு வாரத்தில் தனிக்கூடத்தாரில் 56 விழுக்காட்டினர் வீடு திரும்பியிருந்தனர். பொதுக்கூடத்தாரில் 33 விழுக்காட்டினரே. இறந்தோர் ஒரு பக்கம் 7 விழுக்காடு, மறுபக்கம் 17. பத்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் தனிக்கூடத்தாரில் உயிரோடிருந்தோர் ஏறத்தாழ இருமடங்கு. 1993-இல் ஸ்காட்லாந்தின் லாங்கார்ன் முதலியோர் இத்தகைய சோதனைகளையெல்லாம் ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டு, தனிக்கூடம் உயிரைக் காக்கிறது என்று உறுதி செய்தனர். அடைப்பைக் கரைக்கும் மருந்தின் வெற்றி அதற்கும் பின்னரே, 1995-இல் வந்தது. அம்மருந்துக்கு முதலில் மூன்று மணிநேரமே கெடு. 2008 சோதனைக்குப் பின் நாலரை மணியாயிற்று. எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம் என்று அந்நேரத்தைக் கழிக்கும் வீடுகளை இன்றும் காண்கிறேன்.

எடின்பரோவில் 1980-இல் நடந்த சோதனை இதற்கு முந்தியது. எனக்கு இன்னும் பெரிய பாடம். அங்கும் தனிக்கூடத்திலிருந்து சென்றோரில் பாதிப்பேர் தம் வேலையைத் தாமே செய்யும் நிலையடைந்தனர்; மற்றோரில் மூன்றில் ஒரு பங்கினரே. ஆனால் ஓராண்டு கழித்துச் சென்று பார்த்தால் வேறுபாடு மறைந்துவிட்டது! காரணம் ஆராய்ந்தோர் குறிப்பிட்டவற்றுள் ஒன்று, வீட்டாரின் அளவிறந்த பரிவு. மருத்துவமனையில் தானே சட்டை அணியக் கற்றவருக்கு வீட்டில் மனைவி அணிவித்தாள்; கற்றது மறந்தது. எடின்பரோவுக்கும் எம் லயத்துக்கும் இதில் வேறுபாடில்லை.

இதனைப் படித்தபின், வீட்டாருக்கே பயிற்சி கொடுத்துவிட்டால் எல்லாம் தீரும் என்று பல்லாண்டு நம்பியிருந்தேன். ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பேசியும் இருக்கிறேன். இந்தியாவில் அதையே சோதித்தனர். 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். ஒரு பாதியினரின் குடும்பத்தாருக்கு வீட்டில் பயிற்சி தரும் முறையைக் கற்பித்து அனுப்பினர். 2017-இல் முடிவு வந்தது: ஆறு திங்கள் கழித்து இரு பாதிக்கும் வேறுபாடில்லை. என் நம்பிக்கை அன்று சிதைந்தது என்றே சொல்வேன். பட்ரீசியா நீலுக்கு நாள்தோறும் பல மணி கிடைத்தது. இந்தியக் குடும்பத்துக்குக் கிடைத்தது சில நாள் பாடமும் ஒரு கைநூலும். வேலைக்குப் போகும் மருமகளும் பள்ளிக்குப் போகும் பேரனும் உள்ள வீட்டில் எத்தனை மணி கிடைக்கும்? வீட்டார் வேண்டா என்பதன்று. தேர்ந்த பயிற்சியாளர் இடத்தை வீட்டார் நிரப்ப முடியாது என்பதே அச்சோதனை காட்டுவது. குறைந்த செலவில் முடிக்கலாம் என்று எண்ணுவோர்க்கு அது கசப்பு.

மற்றொரு சோதனையில் நம் மலேசியாவும் சிங்கப்பூரும் பங்குகொண்டன. நோய் கண்ட 24 மணிக்குள் எழுப்பி, அடிக்கடி நடத்தினால் இன்னும் நன்மையோ என்று ஆஸ்திரேலியர் தலைமையில் ஐந்து நாடுகளில் 2,104 பேரிடம் பார்த்தனர். 2015 முடிவு எதிர்பார்த்ததற்கு மாறு: அவ்வளவு விரைந்து மிகுதியாக எழுப்பப்பட்டோர் சற்றுக் குறைவாகவே தேறினர். முன்பு படுக்கையே மருந்து என்றனர். பிறகு படுக்கையே பகை என்றனர். சிறுகச் சிறுக, அடிக்கடி என்பதே இப்போதைய போக்கு. தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கு இது புதிதன்று.

இந்நாட்டில் 1996-இல் தேசியப் பக்கவாதச் சங்கம் தோன்றியது. அதனை நிறுவிய ஜேனட் இயோ அம்மையார் தாமே அந்நோயில் வீழ்ந்து எழுந்தவர். 2012-இல் செராஸ் மறுவாழ்வு மருத்துவமனை திறக்கப்பட்டது. 2014-இல் மலாக்காவில் சொக்சோவின் மறுவாழ்வு நிலையம் வந்தது. சந்தா கட்டிய தொழிலாளர்க்கு அங்கே உரிமை உண்டு. தோட்டத்தில் கேட்டுப் பார்த்தேன். சொக்சோ என்றால் கைவிரல் வெட்டுப்பட்டால் பணம் தரும் இடம் என்றே பலரும் எண்ணியிருக்கின்றனர்.

எம் பள்ளியில் முன்பு காவலராக இருந்தவர் சென்ற ஆண்டு இடப்பக்கம் விழுந்தார். மகன் நேரத்தில் கொண்டுபோனார். இப்போது வாரம் இருமுறை மாவட்ட மருத்துவமனைக்குப் பயிற்சிக்குப் போகிறார். பேருந்து இல்லாத நாளில் ஆசிரியர் ஒருவர் காரில் ஏற்றிச் செல்வார். மற்ற நாள்களில் காலை மணி அடிக்கும் நேரத்துக்குப் பள்ளி வாயிலுக்கு வந்து, இரும்புக் கதவின் தாழ்ப்பாளை இடக்கையால் திறக்கிறார். சில நாள் பத்து நிமிடம் ஆகும். பிள்ளைகள் வெளியே நிற்பார்கள். உதவப் போகக்கூடாது என்று அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.